நாய் ஓடினால் மூன்று நாள் தெரியும்

எங்கள் ஊர் பென்வேக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் என் காபிக் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்று. இரண்டாவதாகக் கேட்பது, "அந்தப் போர்டை எழுதின ஆள் யாரு?" கழிப்பறைக்கு இடது பக்கம் கை காட்டுவேன். போர்டுக்கு ஜன்னல் ஓரம் கை காட்டுவேன். அங்கே நெஸ்டர் ஹலுஷ்கா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர்கள் போய் ஆசையாகக் கைகுலுக்குவார்கள், ஏதாவது நகைச்சுவை உதிரும் என்று முகத்தையே பார்ப்பார்கள். நெஸ்டர் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். ஏமாந்துபோய் ஒரு காபி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்கள் சஸ்காட்சுவான் மாகாணத்தின் வண்டி நம்பர் பிளேட்டில் 'உயிருள்ள வானங்களின் நாடு' என்று அரசாங்கம் அச்சடித்துத் தருகிறது. அது முதன்முதலில் வந்தபோது நெஸ்டரின் மனைவி ஸ்டெஃபி என் கடையில்தான் நின்றுகொண்டிருந்தாள். புது பிளேட்டைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். "வானத்துக்கு உயிர் இருக்கு, சரி. கீழ இருக்கிற நம்மளைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே பெர்னீஸ்" என்றாள். கடையே சிரித்து உருண்டது. அன்று சாயங்காலம் நெஸ்டர் ஒரு முழு ஒட்டுப்பலகைக்குப் பச்சை வண்ணம் அடித்து, நெடுஞ்சாலையும் எங்கள் சரளைச் சாலையும் சேரும் மூலையில், தன் கோதுமை வயல் ஓரத்தில் நட்டார். அரசாங்கப் போர்டு மாதிரியே வெள்ளை எழுத்து. 'வானத்துக்கு உயிர் உண்டு. கீழே இருப்பவர்கள் பற்றி விசாரித்து வருகிறோம். சஸ்காட்சுவான்.'

அதிலிருந்து வருஷத்துக்கு மூன்று நான்கு முறை போர்டு மாறும். 'எங்கள் மாகாணம் வெறும் நாலு கோடு. வரைவது சுலபம், பேரை எழுத்துக் கூட்டுவதுதான் கஷ்டம்.' 'எங்கள் சாலையில் வளைவு கிடையாது. ஸ்டியரிங் எதற்கு என்று எங்களுக்கும் தெரியாது.' பக்கத்து மாகாணம் தன்னை 'நேசமுள்ள மானிட்டோபா' என்று சொல்லிக்கொள்ளும். அதற்கு ஸ்டெஃபி எழுதவைத்தது: 'மானிட்டோபாவில் கொசுகூட நேசமாகத்தான் வரும். இங்கேயே தங்குங்கள்.' நெடுஞ்சாலைத் துறை ஆள் ஒருவர் போர்டைப் பிடுங்க வந்தார். படித்தார், சிரித்தார், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

சொல்வது அவள், எழுதுவது இவர். ஊருக்கே தெரியும், வெளியூர்க்காரர்களுக்குத்தான் தெரியாது. நெஸ்டர் வாழ்நாள் முழுக்கச் சாலை சீராக்கும் இயந்திரம் ஓட்டியவர். கோடையில் சரளையைச் சமன் செய்வார், குளிர்காலத்தில் பனியைத் தள்ளுவார். நாள் முழுக்க நேர்கோட்டில் போய் நேர்கோட்டில் வருவார். கை அப்படிப் பழகியதால் எழுத்தும் கோடு போட்ட மாதிரி நிற்கும். வீட்டில் ஸ்டெஃபி உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைக்கு மாவு உருட்டிக்கொண்டே எதையாவது சொல்வாள். அவர் சிரிக்கமாட்டார். சத்தமில்லாமல் எழுந்து போய் வண்ண டப்பாவைத் திறப்பார். "அவர் டப்பா திறக்கிற சத்தம் கேட்டாத்தான் ஜோக் நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்பாள்.

ஒரு தடவை கியூபெக் மாகாணத்திலிருந்து ஒரு கார் வந்து கடை வாசலில் நின்றது. அந்த மாகாண பிளேட்டில் 'நான் நினைவில் வைத்திருக்கிறேன்' என்று இருக்கும். ஸ்டெஃபி நேரே போய் அந்த ஆளிடம், "எதை?" என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். "யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு வந்து காபி குடித்தாள். அந்த மனிதர் இரண்டாவது கோப்பைவரை யோசித்தார், பாவம்.

அவளுக்குத்தான் மறதி நோய் வந்தது. சொன்ன ஜோக்கையே திரும்பச் சொன்னாள். பிறகு பாதி சொல்லி நிறுத்தினாள். பிறகு அடுப்பை அணைக்க மறந்தாள், வீட்டு வழியை மறந்தாள். பக்கத்து ஊர்ப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தபோது நெஸ்டர் யார் என்பதும் போய்விட்டது. நாய் மட்டும் நினைவில் நின்றது. வெள்ளை நாய், ஒரு காது மட்டும் பழுப்பு. கொழுக்கட்டை மாதிரி இருக்கிறது என்று பெரோகி என்று அவள்தான் பேர் வைத்தாள். எங்கள் பக்கம் கொழுக்கட்டைக்கு அதுதான் பேர். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நெஸ்டர் நாயோடு போவார். "வாடா பெரோகி" என்று மடியில் ஏற்றிக்கொள்வாள். கூட வந்தவரை 'நாய்க்கார ஐயா' என்பாள். நாயை அழைத்துவருகிறவர் நல்லவர் என்பதால் பக்கத்தில் உட்காரவிடுவாள், கையைக்கூடப் பிடித்துக்கொள்வாள். ஒரு ஞாயிறு நாய்க்கு உடம்பு சரியில்லாமல் இவர் தனியாகப் போனார். யாரோ திருடன் வந்துவிட்டான் என்று அவள் போட்ட கூச்சலில் இரண்டு தாதிகள் ஓடிவந்து இவரை வெளியே அனுப்பினார்கள். அந்த நாய் இல்லையென்றால் அவருக்குப் பெண்டாட்டி இல்லை. நான் சுற்றி வளைத்துச் சொல்லவில்லை, விஷயம் அவ்வளவுதான்.

போர்டு? அவள் இல்லத்துக்குப் போன பிறகு நெஸ்டர் ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை. கடைசியில் மாகாணத்துக்கே தெரிந்த அரதப் பழசு ஒன்றை எழுதி வைத்தார்: 'இங்கே நாய் ஓடிப்போனால் மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.' நிலம் அவ்வளவு தட்டை என்று அர்த்தம். என் தாத்தா காலத்திலேயே அதற்கு யாரும் சிரித்ததில்லை. ஸ்டெஃபி பார்த்திருந்தால் போர்டை உடைத்து அடுப்பில் போட்டிருப்பாள். இரண்டு வருஷம் அது அப்படியே நின்றது. வெளியூர்க்காரர்கள் அதற்கும் சிரித்தார்கள். நாங்கள் கடந்து போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம்.

ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஆலங்கட்டி மழை அடித்தது. இடி காதைப் பிளந்தது. நெஸ்டர் கடை வாசலில் லாரியை நிறுத்திக் கதவைத் திறந்த நேரம், பெரோகி அவர் கைக்குக் கீழே புகுந்து பாய்ந்தது. மழைத்திரைக்குள் எந்தப் பக்கம் போனது என்றுகூடத் தெரியவில்லை. ஆலங்கட்டி தலையில் விழ விழ அவர் சாலை நடுவில் நின்று கூப்பிட்டார். அந்த மனிதர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

மழை விட்டதும் காபி கோஷ்டி கூடியது. தினமும் காலையில் என் கடையில் பகடை உருட்டி, தோற்றவன் தலையில் எல்லார் காபியையும் கட்டுகிற கிழட்டுக் கூட்டம் அது. அதில் வாய் நீளம் லைல் தோர்ஸ்டாடுக்கு. "கவலைப்படாதீங்க நெஸ்டர். போர்டுல நீங்களே எழுதியிருக்கீங்க, மூணு நாள் தெரியும்னு. இன்னைக்குத்தானே முதல் நாள்" என்றான்.

"யோவ் லைல், வாயை மூடிக்கிட்டு காபியைக் குடி" என்றேன்.

நெஸ்டர் கோபப்படவில்லை. "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வேணும்" என்றார். எழுந்து தானியக் கோபுரத்தைப் பார்த்து நடந்தார். ரயில் வந்துகொண்டிருந்த காலத்தில் கோதுமையைக் கொட்டி வைத்த மரக் கோபுரம். தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், கோபுரம் நிற்கிறது. சாவி அவரிடம்தான் இருந்தது. பைனாகுலரை எடுத்துக்கொண்டு உச்சியில் இருக்கும் ஜன்னலுக்கு ஏறிவிட்டார்.

வெள்ளிக்கிழமை லைல் வடக்கே ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்தான். வாசலில் வாக்குவாதம் மூண்டது. நாய் என்றான் ஒருவன், நரி என்றான் இன்னொருவன். அசைகிறது என்றார்கள், அசையவில்லை என்றார்கள். கடைசியில் ஆறு வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. காற்றில் பறந்து வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்ட தீவனச் சாக்கு. லைல் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து என் கடைக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூட டீச்சர் மிஸ் ஹார்ட்விக் வந்தாள். ஒன்டாரியோ மாகாணத்துக்காரி, வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "நோட்டீஸ் எங்கயும் காணோமே, ஒட்டலையா? பக்கத்து ஊர்களுக்கு போன் பண்ணீங்களா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் பட்டணத்துல, டீச்சரம்மா" என்றான் லைல். "இங்க பார்த்துக்கிட்டே இருந்தாப் போதும். தெரிஞ்சுரும்."

"ரெண்டு நாளா அதைத்தான் பண்றீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் ஒரு புத்தி கெட்டவனுக்காவது தொலைபேசியை எடுக்கத் தோன்றியதா? எல்லாரும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்தவர் சிரிக்கட்டும் என்று சொன்ன கதையை நாங்களே நம்பி வைத்திருந்தோம். கடையைச் சாத்திவிட்டு நானும் டீச்சரும் நாலா பக்கமும் கூப்பிட்டோம். பண்ணைகளுக்கு, பெட்ரோல் பங்குகளுக்கு, மிருக வைத்தியருக்கு. யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை நெஸ்டருக்கு முட்டை ரொட்டியும் காபியும் கொண்டுபோனேன். கோபுரத்துக்குள் ஒரு ஆள் மட்டும் நிற்கிற பெட்டி ஒன்று உண்டு, கயிற்றைக் கையால் இழுத்தால் மேலே போகும். அதன் எதிர் எடை நெஸ்டரின் ஒல்லி உடம்புக்கு வைத்தது. நான் ஏறி நின்றதும் அது அசைய மறுத்தது. மேலிருந்து நெஸ்டர் எட்டிப் பார்த்தார், எதிர் எடையில் ஒரு இரும்புக் கட்டியைச் சேர்த்தார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. "போதும் நெஸ்டர், மானம் போகுது" என்றேன். பெட்டி கிளம்பியது.

இந்த ஊரில் பிறந்தவள் நான். ஐம்பத்தெட்டு வயசு. அந்த உச்சிக்கு அதற்கு முன்னால் ஏறியதில்லை. ஜன்னலில் தலையை நீட்டினேன், கையில் இருந்த ரொட்டியை மறந்துபோனேன். கீழே கடுகு வயல் மஞ்சள் மஞ்சளாகப் போய்க்கொண்டே இருந்தது, நடுவில் ஆளிவிதைச் செடி பூத்த நீலம். எங்கள் ஊர் ஒரு கைக்குட்டை அளவு கிடந்தது. அதற்கு மேலே எல்லாம் வானம். ஒரே நேரத்தில் மூன்று மழை பெய்துகொண்டிருந்தது. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, மேற்கே தூரத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் தன் மேகத்துக்குக் கீழே தன் பாட்டுக்கு நடந்து போனது. மூன்றுக்கும் இடையில் வெயில் தூணாக இறங்கியது. மேகம் மூச்சு விடுவது தெரிந்தது. இருபது வருஷமாக நம்பர் பிளேட்டில் மாட்டிக்கொண்டு திரிந்த வார்த்தையை அன்றைக்குத்தான் படித்தேன். அரசாங்கம் ஒரு உண்மையைச் சொல்லும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

"ஸ்டெஃபிய ஒரு தடவை இங்க கூட்டிட்டு வந்தேன்" என்றார் நெஸ்டர். கண் பைனாகுலரை விட்டு அகலவில்லை.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை."

ஸ்டெஃபி ஒன்றும் சொல்லாமல் நின்ற இடம் என்று எனக்குக் கால் கூசியது. அவருக்குக் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. கொஞ்சம் தூங்குங்கள் என்றேன். "தூங்கினா அந்த நேரம் பார்த்துப் போயிரும்" என்றார். இரண்டு வருஷமாக அந்தப் பழைய போர்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த எனக்கு, அதில் எழுதியிருந்ததை எழுத்துக்கு எழுத்து செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்க்க வியப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தேவாலயத்திலும் ஆராதனை முடிந்து, ஊர் முழுக்க நல்ல உடுப்போடு கோபுரத்தடியில் வந்து நின்றது. யாரும் கூப்பிடவில்லை. லாரிகளின் பின்கதவைத் தாழ்த்தி உட்கார்ந்துகொண்டார்கள். மணி பன்னிரண்டு இருக்கும். மேலே ஜன்னலிலிருந்து ஒரு தொப்பி ஆடியது. மேற்குப் பக்கம் காட்டியது.

மேற்கே போகும் சாலை கோடு கிழித்த மாதிரி நேராக வானத்தில் போய் முட்டும். ஒரு நாள் முழுக்க ஓட்டினால்தான் அதில் முதல் மலை கண்ணில் படும். அந்த முட்டும் இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஏதோ தெரிந்தது. லைல் லாரிச் சாவியைத் திருகினான். அதற்குள் நெஸ்டர் கீழே இறங்கிவிட்டார்.

"வண்டி எடுக்காதீங்க. சத்தம் கேட்டா மறுபடி ஓடிரும்" என்றார். "அதுவா வரட்டும்."

லைல் இயந்திரத்தை அணைத்தான். எல்லாரும் அணைத்தார்கள். அப்புறம் நாங்கள் பார்த்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. முதலில் ஒரு புள்ளி. அது சாக்கு இல்லை, அசைந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது. வெயில் கானலில் இரண்டாகப் பிரிந்து ஒன்றாகச் சேர்ந்தது. பிறகு அதற்குக் கால் வந்தது. ஒரு கால் நொண்டுகிறது என்று டீச்சர் முணுமுணுத்தாள். குழந்தைகள்கூடப் பேசவில்லை. காற்றில் கடுகு அசையும் சத்தம் மட்டும்தான். அவ்வளவு பெரிய வானத்துக்குக் கீழே அந்தச் சின்ன ஜீவன் அடி அடியாக வந்துகொண்டே இருந்தது. ஊரே அதன் ஒவ்வொரு அடியையும் பார்த்தது. லைல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். இந்த மண்ணில் பிறந்ததற்கு நான் சந்தோஷப்பட்டு, அதை வெட்கமில்லாமல் உணர்ந்த நேரம் அது ஒன்றுதான்.

பழுப்புக் காது தெரிந்ததும் நெஸ்டர் முட்டி போட்டார். பெரோகி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அவர் கைக்குள் முகத்தைப் புதைத்து நின்றது. உடம்பெல்லாம் முள். எங்கே போனது, எதுவரை போனது, ஏன் திரும்பியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"பெர்னீஸ், மணி என்ன?" என்றார்.

"ரெண்டரை. ஏறுங்க, நான் ஓட்டுறேன். உங்க கண்ணு இருக்கிற லட்சணத்துக்கு நீங்க ஓட்டினா மூணு பேரும் வயல்ல கிடப்போம்."

ஸ்டெஃபி ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தாள். மெலிந்திருந்தாள். என்னை யாரென்று தெரியவில்லை, மரியாதைக்குச் சிரித்தாள். நாயைக் கண்டதும் முகம் விரிந்தது.

"வாடா பெரோகி. எங்கடா போயிருந்த? உடம்பெல்லாம் முள்ளு." மடியில் போட்டு ஒவ்வொரு முள்ளாக எடுக்க ஆரம்பித்தாள். "நாய்க்கார ஐயா, இவனை எங்க விட்டீங்க?"

நான்தான் சொன்னேன். "ஓடிப்போயிட்டாம்மா. மூணு நாள் ஊரே உக்காந்து பார்த்துக்கிட்டிருந்துச்சு."

அவள் கை நின்றது. "மூணு நாளா? அந்த அரதப் பழசை நிஜமாவே நம்பி உக்காந்திருந்தீங்களா?"

அந்தக் குரல், அந்த நக்கல், பழைய ஸ்டெஃபியே.

"எந்தப் பக்கம் போனான்?" என்றாள்.

"மேற்கே" என்றார் நெஸ்டர்.

அவள் நாயின் காதைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்பச் சரி. மலை தெரிஞ்சிருக்கும். பயந்து திரும்பிட்டான்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது, கூடவே கண்ணீரும். நெஸ்டர் சிரிக்கவில்லை. அவர் என்றைக்குமே சிரித்ததில்லை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். எழுந்து எங்கே போகப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. டப்பா வீட்டில் இருந்தது.

ஸ்டெஃபி அவரைக் கிட்டே வரச் சொல்லிக் கை அசைத்தாள். "ஐயா, ஒரு உதவி. இதை என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்துன்னு சொல்லுங்க, அவருக்குத் தெரியும். பாவம், அவருக்கு ஜோக் வராது. ஆனா நல்ல கை."

"சொல்றேம்மா" என்றார் நெஸ்டர்.

"மறந்துராதீங்க."

"மறக்க மாட்டேன்."

அவள் மறுபடி முள் எடுக்க ஆரம்பித்தாள். அவர் ஒரு கையை நாயின் முதுகில் வைத்தார். அவள் அதைத் தள்ளவில்லை.

அன்று சாயங்காலமே பழைய எழுத்தைச் சுரண்டி எடுத்தார். விளக்கு பிடிக்கத் தேவை இருக்கவில்லை, எங்கள் ஊர் ஜூலையில் பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். சாலையோரம் லாரி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லைல் வந்து பக்கத்தில் நின்று, வாய்விட்டுப் படித்தான். 'எங்கள் நாய் மேற்கே போனது. மலையைப் பார்த்துப் பயந்து திரும்பி வந்துவிட்டது. சஸ்காட்சுவான்.' படித்துவிட்டு வண்டியில் கையை ஊன்றிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நெஸ்டர் தூரிகையைக் கழுவப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மறுபடி குனிந்து, இத்தனை வருஷத்தில் எந்தப் போர்டிலும் எழுதாத ஒரு வரியைக் கீழே சின்ன எழுத்தில் எழுதினார். 'சொன்னது: ஸ்டெஃபி. எழுதியது: அவள் வீட்டுக்காரர்.'

இப்போது வெளியூர்க்காரர்கள் என் கடைக்குள் நுழைந்தால் கழிப்பறை எங்கே என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.